பி.டி. மிஸ் நடை

அந்தப் பனியன்கள் எங்கள் பள்ளிக்கு வந்த அன்று முதலில் கைதட்டியவள் நான்தான். இப்போது நினைத்தால் அந்தக் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

என் பெயர் பூங்கோதை. திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் பி.டி. மிஸ். மற்ற ஆசிரியர்களுக்கு நான் விசில். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து, "உங்க பீரியடை எடுத்துக்கறேன்" என்பார். கேட்பதுகூட இல்லை, தகவல் சொல்வது.

எனக்கு ட்ரில் பிடிக்காது. ஏழு வயதுப் பிள்ளையை வெயிலில் நிறுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று கை தூக்கச் சொல்வதில் என்ன இருக்கிறது? நானே விளையாட்டுகளை உண்டாக்குவேன். தையல் மெஷின் பெயரில் 'ஓவர்லாக்' என்று ஒன்று. மைதானத்தில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு. கோடுதான் துணி, பிள்ளைகள்தான் ஊசி. இந்தப் பக்கம் ஒரு குதி, அந்தப் பக்கம் ஒரு குதி. நான் விசில் அடித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே தரையில் உட்கார்ந்து நூல் கோக்க வேண்டும், எழுந்து மறுபடி தைக்க வேண்டும். அம்மாக்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலையைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். 'காயப்போட்ட துணி' இன்னொன்று. பிள்ளைகள் கொடியில் தொங்கும் துணிகள், நான் காற்று. சூறைக்காற்று என்று கத்தினால் பிய்த்துக்கொண்டு பறந்து எங்கேயாவது விழ வேண்டும். விழுந்த கோலத்திலேயே கிடக்க வேண்டும். முப்பத்திரண்டு பிள்ளைகள் மைதானம் முழுக்கக் கசங்கிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

எந்த விளையாட்டானாலும் முதலில் நான் ஆடிக் காட்டுவேன். பிறகு அவர்கள்.

மெய்யளவு என்கிற நிறுவனத்திலிருந்து நிரஞ்சன் வந்தது ஒரு ஜூன் மாதம். முப்பது வயதிருக்கும். மெதுவான குரல். எல்லாரையும் மேடம், சார் என்பான். ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று ஓடி வந்து அவன் கையைப் பிடித்தது. புன்னகை மாறாமல் கையை விடுவித்துக்கொண்டான். அது அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து சானிடைசரை எடுத்து விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

"இந்தத் துணியில நூலுக்கு நூல் உணர்வு இருக்குங்க மேடம்" என்று ஒரு சின்னப் பனியனையும் கால்சட்டையையும் விரித்துக் காட்டினான். "முட்டி எவ்வளவு மடங்குது, இடுப்பு எந்தப் பக்கம் சாயுது, எந்தக் கால் முதல்ல அழுத்துது, எல்லாம் பதிவாகும். துவைக்கலாம், கிழியாது. முழுக்க இலவசம்."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"பிள்ளைங்க ஆரோக்கியத்துக்கு."

"இத்தனை பள்ளிக்கூடம் இருக்க எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?"

"உங்களுக்காகத்தான். ட்ரில்லுல எல்லாக் குழந்தையும் விறைப்பா ஒரே மாதிரி நிக்கும். அதை அளந்து பிரயோஜனம் இல்லை. உங்க விளையாட்டுல அவங்க உடம்பையே மறந்துடறாங்க. எங்களுக்கு வேண்டியது அதுதான்."

பன்னிரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் கைதட்டினேன்.

அந்த வருடம் நன்றாகத்தான் போனது. பி.டி. பீரியடை யாரும் கேட்கவில்லை. தாளாளர் ரத்தினசபாபதி மைதானத்துக்கு நிழற்கூரை போட்டுத் தந்தார். நிரஞ்சன் வாரம் ஒருமுறை கூப்பிடுவான். "மேடம், உட்கார்ந்து எழுறது கொஞ்சம் அதிகமா வர்ற மாதிரி ஏதாவது?" என்பான். நான் விளையாட்டு கட்டுவேன். "கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல?" என்பான். 'கொக்குத் தூக்கம்' என்று ஒன்று கட்டினேன். எனக்கும் பெரிய அளவில் ஒரு பனியன் கொடுத்திருந்தார்கள். ஆடிக் காட்டும்போது போட்டுக்கொள்வேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் என்மேல் அதிக ஒட்டுதல். அதிலும் தன்ஷிகா. அவள் அம்மா கலாமணி ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்கிறாள். தன்ஷிகாவுக்கு வரிசையில் முதலில் நிற்க வேண்டும், என் விசிலை அவள்தான் துடைத்து வைக்க வேண்டும். "மிஸ், அடுத்த வருசம் எங்களுக்கு வேற மிஸ் வருவாங்களா?" என்று மாதம் ஒருமுறை கேட்பாள். பி.டி.க்கு நான் ஒருத்திதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

அடுத்த மார்ச்சில் தாளாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை. பக்கத்தில் ஒரு திரை.

"உட்காரம்மா பூங்கோதை. அறிக்கை வந்திருச்சு."

"என்ன அறிக்கைங்க சார்?"

"நாற்பது வயசு அறிக்கை. உனக்குச் சொல்லலையா? இப்ப இந்தப் புள்ளை ஆடுறதை வெச்சு, நாற்பது வயசுல இது உடம்பு எப்படி இருக்கும்னு சொல்லிடுது மெஷினு. யாருக்கு முட்டி போகும், யாருக்கு நரம்பு போகும், எல்லாம்." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "பச்சை நல்லது. மஞ்சள் பரவாயில்லை. சிவப்பு வந்தா கஷ்டம். ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடங்க இனிமே இதைப் பார்த்துத்தான் சேர்ப்பாங்களாம். இன்சூரன்ஸ்காரங்களும் வாங்கறாங்க. நாளைக்கு வேலைக்கு எடுக்கறவனும் கேப்பான்."

கொட்டையைத் துப்பிவிட்டு அதே விரலால் திரையைத் தள்ளினார். பெயர்கள் ஓடின. மூன்றாம் வகுப்பில் நின்றன.

"முப்பத்திரண்டுல பதினொன்னு சிவப்பு. வேற எந்த வகுப்புலயும் ஒண்ணு ரெண்டுக்கு மேல இல்லை. எல்லாருக்கும் ஒரே வியாதி. தசை நலிவாம். இடுப்புல ஆரம்பிச்சு காலு சொங்கிப் போயிடுமாம்."

தன்ஷிகாவின் பெயர் நான்காவதாக இருந்தது. அதன்மேல் அவர் விரல் பட்ட இடத்தில் பலாப்பழத்தின் பிசுபிசுப்பு. துப்பட்டா நுனியால் அதைத் துடைத்தேன்.

"இது இப்படியே வெளிய போனா பள்ளிக்கூடத்தோட சராசரி என்னாகும், சொல்லு? பதினோரு பேருக்கும் டி.சி. கொடுத்துடலாம்னு இருக்கேன். நீதான் பெத்தவங்ககிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லணும். உன் பேச்சைக் கேப்பாங்க. ஒரு சுளை எடுத்துக்க."

"வேண்டாங்க. நான் பேசவும் மாட்டேனுங்க."

வெளியே வந்து நிரஞ்சனைக் கூப்பிட்டேன்.

"நோய்னு நாங்க சொல்லவே இல்லீங்க மேடம்" என்றான், அதே மெதுவான குரலில். "வாய்ப்புன்னுதான் சொல்றோம்."

"பெத்தவங்களுக்கு இது தெரியுமா?"

"சம்மதப் படிவத்துல நாலாம் பக்கத்துல இருக்குங்க."

"எனக்கு?"

"நீங்க கேட்கவே இல்லையே மேடம். உங்க விளையாட்டெல்லாம் இல்லைன்னா இவ்வளவு துல்லியமா வந்திருக்காது. ரொம்ப நன்றி."

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. நூல் கோக்க உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு முறையும், கொக்காக நின்று தள்ளாடிய ஒவ்வொரு முறையும், அந்தப் பிள்ளைகள் ஒரு சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சிரிக்கச் சிரிக்க வினாத்தாள் எழுதிக் கொடுத்தவள் நான்.

பட்டியல் இரண்டே நாளில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பெயர் தேடுவதில் இருந்தார்கள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் நான் பார்த்ததை மறக்க முடியாது. பச்சை வாங்கிய பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். ஒரு பெண் குனிந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொடையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். "கொழகொழன்னுதான் இருக்குது" என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். சந்தையில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதே பிடி. அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் தன் காலைத் தானே அமுக்கிப் பார்த்துக்கொண்டது. அந்தப் பெண்ணை நான் திட்டியபோது, "உங்களுக்கென்னங்க மிஸ், உங்களுக்குப் புள்ளையா குட்டியா" என்றாள்.

வகுப்பில் பெஞ்சுகள் மாறின. மதியம் சாப்பாட்டில் யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. பிறந்தநாள் மிட்டாய்ப் பெட்டி வந்தபோது ஒரு பையன் பதினோரு பேரையும் எண்ணித் தாண்டிப் போனான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சிவப்பு வாங்காதவர்களும் நிம்மதியாக இல்லை. மஞ்சள்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். "மிஸ், எப்படியாவது ஒரு பயிற்சி கொடுத்துப் பச்சையாக்கி விடுங்க." திட்டிக்கொண்டு வந்தவர்களும் கடைசியில் கேட்டது அதைத்தான். எங்கள் பிள்ளைகளை ஏன் அளந்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்லபடியாக அளக்கச் சொன்னார்கள்.

கலாமணி வெள்ளிக்கிழமை மாலை வந்தாள். மைதானத்தில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"என் தம்பிக்கு நிச்சயம் பண்ணி வெச்சிருந்த இடம் முறிஞ்சு போச்சுங்க மிஸ். அக்கா புள்ளைக்கு இருந்தா தம்பி புள்ளைக்கும் வரும், ரத்தத்துல இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க."

நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மிஸ், தினமும் உங்க கண்ணு முன்னாடிதான குதிக்கறா. உங்களுக்குமா ஒண்ணும் தெரியலீங்க?"

"தெரியலைங்க" என்றேன். "நாளைக்கு ஒரு டாக்டர்கிட்டப் போலாம். நானும் வர்றேன்."

கோயம்புத்தூரில் நரம்பியல் டாக்டர் ஷகிலா பானு. எங்கள் அக்காவோடு படித்தவர். தன்ஷிகாவைப் படுக்க வைத்துக் காலைத் தள்ளச் சொன்னார், தூக்கச் சொன்னார், முட்டியில் தட்டினார், ரத்தம் எடுத்து அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. தாளை ஒருமுறை, மறுபடி ஒருமுறை படித்தார்.

"இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் இல்லைங்க. தசையெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு. ரத்தத்துலயும் எதுவும் இல்லை."

கலாமணி அப்போதுதான் அழுதாள்.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதுங்களா டாக்டர்?" என்றேன்.

"எத்தனை குழந்தைங்கன்னு சொன்னீங்க?"

"ஒரே வகுப்புல பதினோரு பேர்."

"நடக்காத காரியம். இது லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்றது. ஒட்டுவார் ஒட்டியும் இல்லை." மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். "பாப்பா, கீழ உட்கார்ந்து எழுந்திரு பார்க்கலாம்."

தன்ஷிகா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எழும்போது இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி எழுந்தாள்.

"இதான்" என்றார் டாக்டர். "மெஷின் இதைத்தான் பார்த்திருக்கு. இடுப்புத் தசை பலவீனமா இருக்கறவங்கதான் இப்படித் தொடையில கை ஊன்றி எழுவாங்க. இவளுக்கு அவசியமே இல்லை. அப்புறம் ஏன் ஊன்றுறா? இந்த வரண்டா கடைசி வரைக்கும் நடந்துட்டு வாம்மா."

அவள் தனியாகப் போக மாட்டேன் என்றாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். கோடி வரை போய்த் திரும்பி வந்தோம். டாக்டர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்தில் வந்ததும் அவர் முகம் மாறியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன்ஷிகாவை அல்ல.

"பாப்பா, நீ யாரு மாதிரி நடக்குற?"

தன்ஷிகாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. என் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "பி.டி. மிஸ் மாதிரி" என்றாள்.

"எழுறதும் அப்படித்தானா?"

"ஆமா. நாங்க எல்லாரும் மிஸ் மாதிரிதான் எழுவோம். எங்க க்ளாஸ் ஹர்ஷித்தும் செய்வான். ஆனா எனக்குத்தான் கரெக்டா வரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "டீச்சர், படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கறீங்களா?"

"ஆமாங்க... ஒரு வருஷமா. வெயிட் போட்டுட்டேன்னு நெனச்சேன்."

"கீழ உட்கார்ந்து எழுங்க."

உட்கார்ந்தேன். எழுந்தேன். என் கைகள் என் தொடைகளில் இருந்தன. அவை எப்போது அங்கே போயின என்று எனக்குத் தெரியாது. எத்தனை நாளாகப் போகின்றன என்றும் தெரியாது. தன் நடையைத் தான் பார்க்கிறவர் யார்?

என் ரத்தத்தின் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. எனக்கு இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் செய்த குற்றம், பிடித்த டீச்சரைப் போல நடந்தது.

தாளை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். நிரஞ்சனும் வந்திருந்தான். சொன்னேன். தாளாளர் என் நாற்காலியிலிருந்து தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒட்டாது என்று இப்போதுதான் சொல்லியிருந்தேன்.

நிரஞ்சன் ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

"எனக்கும் ஒரு பனியன் கொடுத்தீங்களே. அந்தப் பதிவு என்னாச்சு?"

"குழந்தைங்க பதிவோட கலந்துடக் கூடாதுன்னு தனியா எடுத்து வெச்சோங்க மேடம்."

"அதையும் மெஷின் பார்த்துச்சா?"

"பார்த்துச்சுங்க."

"என்ன வந்துச்சு?"

"சிவப்பு."

"எப்போ?"

"முதல் மாசமே."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஆசிரியருக்கு அறிக்கை தரணும்னு ஒப்பந்தத்துல பிரிவு இல்லீங்களே." அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, ஒரு பொருள் ஸ்டாக்கில் இல்லை என்று சொல்லும் கடைக்காரனின் வருத்தம். "சொல்லியிருந்தா உங்க ஆட்டம் மாறியிருக்கும். பதிவு கெட்டுப்போயிருக்கும்."

ஜூலையிலிருந்து மார்ச் வரை. வாரா வாரம் கூப்பிட்டு, உட்கார்ந்து எழுகிற விளையாட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டானே, அப்போதெல்லாம் அவனுக்குத் தெரியும். நான் தொடையில் கை ஊன்றி எழுவதைப் பார்த்துக்கொண்டேதான் நன்றி சொன்னான்.

"சரி" என்றேன். "என்னைப் பத்தி விடுங்க. அந்தப் பதினோரு பேர் அறிக்கையை வாபஸ் வாங்குங்க."

"வெளியான அறிக்கையை வாபஸ் வாங்க வழி இல்லீங்க. ஆறு மாசம் கழிச்சு மறு அளவீடு பண்ணலாம். ஆனா அதுவரைக்கும்..." தயங்கினான். "நீங்க அவங்க கண்ணுல படாம இருக்கணும். பார்த்தா மறுபடி ஒட்டிக்கும்." பிறகு அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தாளாளர் பக்கம் திரும்பினான். "சார், இது எங்களுக்கே புதுசு. பிடிச்ச டீச்சரோட நடை ஒரே வருஷத்துல குழந்தைக்கு வருதுன்னா, நல்ல நடையும் வரும்தானே? முழுப் பச்சை வாங்கின ஒருத்தரை முன்னால நடக்க விட்டா வகுப்பே பச்சையாகிடும். உங்க பள்ளிக்கூடத்துலயே முதல்ல செஞ்சு பார்க்கலாம்."

"செய்யலாமே" என்றார் தாளாளர். என் எதிரில்தான். நான் எழுந்து போகும்வரை காத்திருக்கக்கூட இல்லை.

முகம் கழுவிவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

பெற்றோர் கூட்டத்தில் நானே சொன்னேன். நோய் என்னுடையது, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, என்னைப் பார்த்துப் பழகிய நடை அது, டாக்டர் சான்று இதோ. கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரே ஒரு நொடி. அடுத்த நொடி வாசலில் தொடை அமுக்கிய அதே பெண் எழுந்தாள். "அப்ப இத்தனை நாளா இவங்கதான் நம்ம புள்ளைங்களைக் கெடுத்துட்டு இருந்தாங்களா?" நாற்காலிகள் இழுபட்டன. யாரோ தன் பிள்ளையை மடியில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டார்கள். தாளாளர் மேடையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், தானும் ஏமாற்றப்பட்டவர்போல.

கலாமணி மட்டும் வாசல்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவிநாசியில் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் யாரையும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதால் கடைத்தெருவுக்குக்கூடப் பள்ளி நடக்கும் நேரத்தில்தான் போவேன். இலையுதிர்வதுபோல மெதுவாகக் கால்கள் சக்தி இழந்தன. ஆறு மாதத்தில் கையில் ஒரு கோல் வந்தது.

என் இடத்துக்கு வந்தவளைப் பற்றிக் கலாமணிதான் போனில் சொன்னாள். சின்னப் பெண்ணாம். நிறுவனமே தேர்ந்தெடுத்து அனுப்பியதாம். முழுப் பச்சை. விளையாட்டு எதுவும் கிடையாது. பி.டி. பீரியட் முழுக்க அவள் முன்னால் நடப்பாள், பிள்ளைகள் பின்னால் நடக்க வேண்டும். கை எவ்வளவு வீச வேண்டும், குதிகால் எப்படிப் பதிய வேண்டும், எல்லாம் கணக்கு. பெற்றோருக்கு ரொம்பத் திருப்தி.

"முப்பத்திரண்டு பேரும் ஒரே மாதிரி நடக்கறாங்க மிஸ். பின்னாலிருந்து பார்த்தா எம்புள்ளை எதுன்னே..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். "அப்படியும் சொல்ல முடியாதுங்க. எம்புள்ளை தெரியறா. அதுதான் பிரச்சனை."

மறு அளவீட்டுக்கு முன்னோட்டம் நடந்திருந்தது. பத்துப் பேர் பச்சை. தன்ஷிகா மட்டும் சிவப்பு.

"யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. அடிச்சுக்கூடப் பார்த்துட்டேன். அடுத்த வாரம் கடைசி அளவு. அதுலயும் சிவப்புன்னா டி.சி.தான்னு தாளாளர் சொல்லிப்போட்டாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்து வந்தாள். தன்ஷிகா வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டு புதிதாக முளைத்திருந்தன. என் கோலைப் பார்த்ததும் கண் அகன்றது. ஒருவேளை அதையும் கேட்பாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கோலைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளினேன்.

கலாமணி சமையலறைக்கு அக்காவிடம் போனாள்.

"கண்ணு, மிஸ்ஸுக்குக் கால்ல வியாதி. அதனாலதான் அப்படி நடந்தேன். அது நல்ல நடை இல்லை. நீ அப்படி நடக்கக் கூடாது."

"தெரியும் மிஸ்."

"அப்புறம் ஏன் அப்படியே நடக்குற? புது மிஸ் மாதிரி நடக்க வரலையா?"

"வருமே" என்றாள். எழுந்தாள். தொடையில் கை வைக்கவில்லை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினாள். நேரான முதுகு, அளந்த கைவீச்சு, தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் சிந்தாத தலை. நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் நடை, எட்டு வயது உடம்பில். திரும்பும்போது தோளைக் குறுக்கினாள், இடுப்பைச் சாய்த்தாள். என் நடையில் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டும் வரும் மிஸ். ஆனா நானும் விட்டுட்டா, உங்களை மாதிரி யாருமே இருக்க மாட்டாங்க இல்ல?"

அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, உன் இஷ்டப்படி நட கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளை ஆட விட்ட ஒருத்தி அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் சமையலறையில் கலாமணி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருந்தால் அழுதுவிடுவாள்.

"பனியன் போடுறப்ப மட்டும் புது மிஸ் மாதிரி நடப்பியா?" என்றேன்.

"பொய்யா?"

"ஆமா. பொய்யா."

யோசித்தாள். "கழட்டினப்புறம்?"

"கழட்டினப்புறம் நீ எப்படி நடந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி" என்று உடனே எழுந்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மறுபடி அந்த நடையில் போனாள். நான் கவனமாகப் பார்த்தேன், மெஷின் பார்க்கிற மாதிரி. இடுப்பு சரியாக இருந்தது. முட்டியும் சரி. இடது பாதம் மட்டும் தரையில் படும்போது என்னுடையதுபோல ஒரு சின்ன இழுப்பு மிச்சமிருந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. நிரஞ்சனுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அருவருப்பு வந்தது. இந்த முறை நிரஞ்சன்மேல் இல்லை, தாளாளர்மேலும் இல்லை.

"தன்ஷிகா" என்றேன், "இடது குதிகால் இன்னும் இழுக்குது. அதையும் எடுத்துடு. மறுபடி முதல்லேர்ந்து வா."